உபுண்டு 24.04-ல் கூடா (CUDA) ஏறவில்லை, லிப்டின்ஃபோ5 இல்லை என்கிறது; இப்போது டிரைவரும் போய்விட்டது

பொன்னி | 2024 மே 12

வணக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தது, இன்று ஞாயிறு, இன்னும் முடியவில்லை. யாராவது கைகொடுங்கள்.

நான் இயற்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஓர் உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடுவதுதான் ப்ராஜெக்ட். 4096-க்கு 4096 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து நான்கு புள்ளிகளைப் பார்த்துத் தன் வெப்பநிலையை மாற்றிக்கொள்ளும், இதை 20,000 முறை செய்ய வேண்டும். பைத்தானில் நம்பை என்ற எண் கணக்கு நூலகத்தை வைத்து எழுதியது முக்கால் மணி நேரம் ஓடுகிறது, ஒரு எண்ணை மாற்றிப் பார்க்கணும் என்றால் மறுபடி முக்கால் மணி நேரம். அதனால்தான் கூடாவில், அதாவது என்விடியா கிராஃபிக்ஸ் கார்டிலேயே கணக்கை ஓட்டவைக்கும் மென்பொருளில், நானே எழுதி ஓட்டலாம் என்று இறங்கினேன். கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. மேசைக் கணினிதான், லேப்டாப் இல்லை.

ஏப்ரல் 25 அன்று வெளிவந்த 24.04-ஐ அடுத்த வாரமே புதிதாகப் போட்டேன். போடும்போதே கார்டுக்கான டிரைவரும் சேர்ந்து வந்துவிட்டது, பதிப்பு 535. என்விடியா-எஸ்எம்ஐ தட்டினால் கார்டின் பெயர், வெப்பநிலை எல்லாம் ஒழுங்காகக் காட்டியது. அதுவரை பிரச்சினையே இல்லை.

அப்புறம் கூடா டவுன்லோடு பக்கத்துக்குப் போனால் உபுண்டு பட்டியல் 22.04-உடன் நின்றுவிட்டது. சரி, அதுவும் உபுண்டு இதுவும் உபுண்டுதானே என்று 22.04-ஐத் தேர்ந்தெடுத்து, அது சொன்ன கீரிங் பேக்கேஜை (என்விடியாவின் களஞ்சியத்தைக் கணினியில் சேர்ப்பது) போட்டு, ஆப்ட் அப்டேட் கொடுத்து, ஆப்ட் இன்ஸ்டால் கூடா என்று அடித்தேன். வந்த பதில்: என்சைட்-சிஸ்டம்ஸ்-2023.4.4-க்கு லிப்டின்ஃபோ5 என்ற நூலகம் தேவை, ஆனால் அதை நிறுவ முடியாது, உடைந்த பேக்கேஜ்கள் இருக்கின்றன. அதோடு நின்றுவிட்டது.

டிரைவரை மட்டுமாவது புதிதாக்கிப் பார்ப்போம் என்று கூடா-டிரைவர்ஸ் என்ற பேக்கேஜைப் போட்டேன், அது ஏறிவிட்டது. நடுவில் ஒரு பாஸ்வேர்டு கேட்டது, ஏதோ கொடுத்தேன். ரீபூட் செய்தபோது நீல நிறத்தில் ஒரு திரை வந்தது, என்னவென்று புரியவில்லை, முதல் வரியில் இருந்த கன்டினியூ பூட் என்பதை அழுத்திவிட்டேன். இப்போது திரையில் எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாக இருக்கிறது, ரெசல்யூஷனை மாற்றவே முடியவில்லை. என்விடியா-எஸ்எம்ஐ கேட்டால் டிரைவரோடு பேச முடியவில்லை என்கிறது.

ஒரு பக்கத்தில் 22.04-ன் லிப்டின்ஃபோ5 டெப் கோப்பை எடுத்து நேரடியாகப் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா? இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு 22.04-க்கே திரும்பிவிடுவதா? ரிவ்யூவுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.


தறி | மே 12

22.04-க்குத் திரும்ப வேண்டியதில்லை. 24.04-ன் சொந்தக் களஞ்சியத்திலேயே கூடா இருக்கிறது. பேக்கேஜின் பெயர் என்விடியா-கூடா-டூல்கிட், பதிப்பு 12.0. ஒரே வரி, ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்தால் போதும், அதற்குத் தேவையான ஜிசிசி 12 கம்பைலரையும் தானே இழுத்துக்கொண்டு வந்துவிடும். உங்கள் வெப்பக் கணக்குக்கு 12.0 தாராளம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இது யூஎஸ்ஆர்/லோக்கல்/கூடா என்ற வழக்கமான இடத்தில் உட்காராது, மற்ற பேக்கேஜ்களைப் போல யூஎஸ்ஆர்-க்குள்ளே பரவி உட்காரும். நீங்களே எழுதிய ஒற்றை நிரலுக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. வேறொருவர் எழுதிய பெரிய நிரலைத் தொகுக்கும்போது அதன் பில்டு ஸ்கிரிப்ட் பழைய இடத்தில் தேடிவிட்டு கூடா இல்லை என்று சொல்லும், அப்போதுதான் பாதையைக் கையால் காட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் முதலில் டிரைவரைச் சரிசெய்யணும். அதை வடகரை வந்து சொன்னால் நன்றாக இருக்கும், அவர் ஆய்வகத்தில் இதே வேலைதான்.


வடகரை | மே 12

பொன்னி, பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் அடுத்த முறை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

கூடா என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது உண்மையில் தனித்தனி மூன்று சாமான்கள். ஒன்று டிரைவர், இது லினக்ஸ் கர்னலோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது. இரண்டாவது டூல்கிட், அதாவது கூடா நிரலைத் தொகுக்கும் என்விசிசி, ஹெடர் கோப்புகள், நூலகங்கள். மூன்றாவது உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சி++ கம்பைலர், என்விசிசி பாதி வேலையை அதனிடம்தான் ஒப்படைக்கிறது. புதிதாக ஒரு உபுண்டு வந்தால் கர்னல் மாறும், கம்பைலர் மாறும், சில பழைய நூலகங்கள் போய்விடும். 24.04-ல் கர்னல் 6.8, ஜிசிசி 13.2, லிப்டின்ஃபோ5 கிடையாது, 6 மட்டும்தான். மூன்றையும் ஒரே கட்டளையில் ஏற்றப் பார்த்தால் ஏதாவது ஒன்று முட்டும், எது முட்டியது என்றும் தெரியாது. தனித்தனியாக ஏற்றினால் ஒவ்வொன்றும் ஏறியதா இல்லையா என்று அங்கங்கே பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு முட்டியது என்சைட் சிஸ்டம்ஸ். அது நிரலின் வேகத்தை அளந்து பார்க்கும் கருவி, தொகுக்கவோ ஓட்டவோ அது தேவையே இல்லை. டூல்கிட் என்ற மொத்தப் பொட்டலத்துக்குள் அதுவும் இருப்பதால் அது ஏறாமல் மற்றதும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

டிரைவர் போன கதை வேறு. முதலில் உங்களிடம் இருந்த 535, உபுண்டுவே தொகுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இல்லாததைத் தடுக்கும் காவல்) அதைக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டது. இரண்டாவதாக நீங்கள் போட்ட 550, டிகேஎம்எஸ் வழியாக உங்கள் கணினியிலேயே தொகுக்கப்பட்டது, அதற்கு உங்கள் கணினியே ஒரு சாவி செய்து கையெழுத்துப் போடும். அந்தச் சாவியை நம்பலாமா என்று கேட்கத்தான் அந்த நீலத் திரை வந்தது. அங்கே என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு கொடுத்த பாஸ்வேர்டை மறுபடி தட்டியிருக்க வேண்டும். கன்டினியூ பூட் கொடுத்ததால் சாவி பதிவாகவில்லை, டிரைவரைக் கர்னல் உள்ளே விடவில்லை. சந்தேகமிருந்தால் சுடோ மோட்ப்ரோப் என்விடியா என்று தட்டிப் பாருங்கள், சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி வரும்.

இப்போதுகூடச் சாவியைப் பதிவு செய்து அந்த டிரைவரையே ஓட்டலாம். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் நீங்கள் போட்ட கீரிங் பேக்கேஜ் அந்தக் களஞ்சியத்துக்கான சாவியை மட்டும் வைக்கவில்லை, எந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை என்று ஆப்டுக்குச் சொல்லும் ஒரு பின் (pin) கோப்பையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதில் முன்னுரிமை 600. உபுண்டு களஞ்சியத்தின் முன்னுரிமை 500. ஆக, இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் பேக்கேஜ் இருந்தால் ஆப்ட் எப்போதும் 22.04-க்காகக் கட்டியதைத்தான் எடுக்கும், நாளைக்கு ஒரு சாதாரண அப்கிரேடு கொடுக்கும்போதும் அப்படித்தான். லிப்டின்ஃபோ5 டெப் கோப்பைத் தனியாகப் போடுவதைப் பற்றிக் கேட்டீர்களே, அந்த ஒற்றைக் கோப்பால் பெரிய ஆபத்து இல்லை, பலரும் செய்கிறார்கள். அதோடு அந்தப் பழைய களஞ்சியம் முழுவதையும் கணினியில் வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஆப்ட் பர்ஜ் கூடா-கீரிங், களஞ்சியமும் பின் கோப்பும் சேர்ந்து போய்விடும். எதற்கும் சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் கூடா என்ற பெயரில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கூடா-டிரைவர்ஸையும் 550 என்று முடியும் என்விடியா பேக்கேஜ்களையும் பர்ஜ் செய்து, ஆட்டோரிமூவ் கொடுத்து, அப்டேட் கொடுங்கள். பிறகு சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால். ரீபூட். என்விடியா-எஸ்எம்ஐ. கார்டின் பெயர் தெரியும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

டூல்கிட்டுக்குத் தறி சொன்ன 12.0 போதும். 12.4 வேண்டும் என்றால் ரன்ஃபைலை (தானே ஓடி நிறுவும் ஒற்றைக் கோப்பு) இறக்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பேக்கேஜ் சார்புகள் கிடையாது, லிப்டின்ஃபோ5-ஐக் கேட்டு நிற்காது. ஓட்டும்போது மைனஸ் மைனஸ் சைலன்ட், மைனஸ் மைனஸ் டூல்கிட் என்று இரண்டும் கொடுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், அதுதான் டூல்கிட்டை மட்டும் போடச் சொல்வது. மெனுவில் போகிறவர்கள் டிரைவர் என்ற முதல் பெட்டியில் இருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும், அதை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறார்கள். கோப்பு பல ஜிபி, விரிவதற்கு டெம்ப் அடைவில் இடம் வேண்டும். முடிந்ததும் யூஎஸ்ஆர்/லோக்கல்/கூடா-12.4/பின் என்பதைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்த்துவிட்டு, புது டெர்மினல் திறந்து என்விசிசி பதிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

12.4-ஐ நான் சொல்வதற்குக் காரணம் கம்பைலர். அது ஜிசிசி 13.2 வரை ஏற்கும், 24.04-ல் இருப்பதும் அதுதான். 12.3-ஐ எடுத்தால் ஜிசிசி 12-க்கு மேல் வேண்டாம் என்று ஹெடர் கோப்பிலேயே நிறுத்திவிடும், அப்போது ஜி++-12 போட்டுக்கொண்டு சிசிபின் என்ற தெரிவில் அதைக் காட்ட வேண்டும். ஆதரிக்காத கம்பைலரையும் அனுமதி என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். கணக்கு தப்பாக வந்தால் பிழை உங்கள் சமன்பாட்டிலா கம்பைலரிலா என்று தேடி ரிவ்யூ தேதி போய்விடும்.


நுங்கு | மே 13

பொன்னிக்கு இது பொருந்தாது, அவர் நேரடியாகக் கூடாவில் எழுதுகிறார். ஆனால் இதைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் பைடார்ச் (இயந்திரக் கற்றலுக்கான பைத்தான் நூலகம்) ஓட்டத்தான் வருவார்கள், அவர்களுக்காக: உங்களுக்கு டூல்கிட்டே வேண்டாம். டிரைவர் மட்டும் இருந்தால் போதும். பைடார்ச் வீல் (அதை நிறுவும் கோப்பு) தனக்கு வேண்டிய கூடா நூலகங்களைத் தன்னோடு எடுத்துக்கொண்டே வருகிறது, போன மாதம் வந்த 2.3 கூடா 12.1-ஐச் சுமந்து வருகிறது, உங்கள் கணினியில் வேறு எந்தக் கூடா இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

24.04-ல் பைத்தான் 3.12. நேரடியாகப் பிப் இன்ஸ்டால் கொடுத்தால் இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுத்துவிடும். அது கோளாறு இல்லை, சிஸ்டத்தின் பைத்தானைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான். ஒரு வென்வ் (தனியான பைத்தான் சூழல்) உருவாக்கி அதற்குள் போடுங்கள். பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் தெரிவைப் போட்டு மீற வேண்டாம்.

டாக்கர் பழக்கமிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. டிரைவரை வெளியே வைத்துக்கொண்டு, என்விடியா கன்டெய்னர் டூல்கிட் போட்டு, கூடா 12.4.1-ன் உபுண்டு 22.04 டெவல் இமேஜை இழுத்தால் உள்ளே ஜிசிசியும் என்விசிசியும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருக்கும். வெளியே எந்த உபுண்டு என்ற கேள்வியே எழாது. நான் புது வெளியீடு வரும்போதெல்லாம் முதல் சில மாதம் இப்படித்தான் ஓட்டுகிறேன்.


பொன்னி | மே 14

வடகரை அண்ணா, தறி, நுங்கு, மூவருக்கும் ரொம்ப நன்றி. டிரைவர் திரும்பி வந்துவிட்டது, திரை பழையபடி தெளிவாக இருக்கிறது. செக்யூர் பூட்டை அணைக்கவில்லை, நீலத் திரையும் வரவில்லை. ரன்ஃபைலில் 12.4 போட்டேன், என்விசிசி 12.4 என்று காட்டுகிறது.

இரண்டு சந்தேகம். என்விடியா-எஸ்எம்ஐயின் மேல் வரியில் கூடா வெர்ஷன் 12.2 என்று இருக்கிறது, நான் போட்டது 12.4 ஆயிற்றே? எங்காவது பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

இரண்டாவதுதான் பெரிது. நிரல் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் தொகுந்துவிட்டது. ஓட்டினால் 20,000 படிகளும் அரை விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. முதலில் சந்தோஷமாக இருந்தது. விடையை எடுத்துப் பார்த்தால் இடது ஓரம் 100 டிகிரி, மற்ற எல்லாப் புள்ளிகளும் சுழியம். நான் தொடக்கத்தில் எதைக் கொடுத்தேனோ அதுவேதான் திரும்பி வந்திருக்கிறது, வெப்பம் ஒரு புள்ளிகூட நகரவில்லை. பிழைச்செய்தி எதுவும் இல்லை. சமன்பாட்டைப் பத்து முறை சரிபார்த்துவிட்டேன், அதே சமன்பாடு நம்பையில் சரியாக ஓடுகிறது.


வடகரை | மே 14

உங்கள் சமன்பாட்டில் தவறு இருக்காது. கார்டில் உங்கள் ஃபங்ஷன் ஓடவே இல்லை.

முதல் சந்தேகத்துக்கான விடையில்தான் இரண்டாவதன் விடையும் இருக்கிறது. என்விடியா-எஸ்எம்ஐ காட்டும் கூடா வெர்ஷன், நீங்கள் போட்ட டூல்கிட்டின் பதிப்பு இல்லை. இந்த டிரைவருக்கு எந்தக் கூடா வரை தெரியும் என்பதுதான் அது. 535-க்கு 12.2 வரை தெரியும். டூல்கிட்டே போடாத கணினியிலும் அந்த எண் வரும், அதைப் பார்த்துவிட்டு கூடா இருக்கிறது, ஆனால் என்விசிசி மட்டும் காணவில்லை என்று வருகிறவர்கள் நிறைய.

அப்படியானால் 12.4-ல் தொகுத்தது 535-ல் ஓடுமா? ஓடும், 12-க்குள் இருக்கும் பதிப்புகள் எல்லாம் 525-க்கு மேற்பட்ட டிரைவரில் ஓடும் என்பதுதான் விதி. ஆனால் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, நீங்கள் அதில்தான் மாட்டியிருக்கிறீர்கள். தொகுக்கும்போது எந்தக் கார்டுக்கு என்று நீங்கள் சொல்லவில்லை, சரிதானே? சொல்லாவிட்டால் என்விசிசி 12 எஸ்எம்_52-க்கு, அதாவது மிகப் பழைய கார்டுக்கு இயந்திர மொழி எழுதும், கூடவே பிடிஎக்ஸ் என்ற இடைமொழியையும் வைக்கும். உங்கள் 3060 எஸ்எம்_86. பழைய கார்டின் இயந்திர மொழி அதற்கு ஆகாது, எனவே டிரைவர் பிடிஎக்ஸை எடுத்து அந்த நேரத்தில் மொழிபெயர்க்கப் பார்க்கும். அந்தப் பிடிஎக்ஸ் 12.4 எழுதியது, டிரைவருக்கு 12.2 வரைதான் படிக்கத் தெரியும். படிக்க முடியவில்லை, நின்றுவிட்டது.

நின்றதை ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லை. மூன்று கோண அடைப்பு போட்டுக் கூப்பிடும் அந்த அழைப்பு எந்த மதிப்பையும் திருப்பித் தராது. அழைப்புக்கு அடுத்த வரியிலேயே கூடாகெட்லாஸ்ட்எரர் வைத்து, அதன் செய்தியை அச்சிடுங்கள். அப்புறம் கூடாடிவைஸ்சிங்க்ரனைஸ் கொடுத்து அதன் விடையையும் பாருங்கள், ஓட ஆரம்பித்த பிறகு வரும் பிழை அங்கேதான் தெரியும். இந்த நான்கு வரியை ஒரு மேக்ரோவாக எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொரு கூடா அழைப்பையும் அதற்குள் போடுங்கள். புதிதாக வரும் மாணவர்களிடம் நிரல் எழுத ஆரம்பிக்கும் முன்பே இதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

சரிசெய்வது சுலபம். மைனஸ் ஆர்ச் ஈக்வல் எஸ்எம்_86 என்று கொடுத்துத் தொகுங்கள். எண் நினைவில் இல்லையென்றால் நேட்டிவ் என்று கொடுத்தாலும் போதும், கணினியில் இருக்கும் கார்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.


பொன்னி | மே 15

மேக்ரோ போட்டுப் பழையபடியே ஒரு முறை ஓட்டினேன், நீங்கள் சொன்னது அப்படியே வந்தது: பிழை எண் 222, பிடிஎக்ஸ் ஆதரிக்கப்படாத கருவியால் தொகுக்கப்பட்டது. இரண்டு நாளாக அது சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

எஸ்எம்_86 கொடுத்துத் தொகுத்தபின் ஓடுகிறது! இடது ஓரத்திலிருந்து வெப்பம் உள்ளே இறங்குவதைப் படமாகப் போட்டுப் பார்த்தேன், நம்பை விடையோடு கழித்துப் பார்த்தால் வித்தியாசம் நான்காவது தசமத்துக்கு அப்பால்தான். 20,000 படிகளுக்கு 11 விநாடி.


வடகரை | மே 15

11 விநாடி நியாயமான எண். நீங்களே போட்டுப் பாருங்கள்: 4096-ன் வர்க்கம் கிட்டத்தட்ட 1.68 கோடி புள்ளிகள், ஒவ்வொன்றையும் ஒரு முறை படித்து ஒரு முறை எழுதினால் ஃப்ளோட்டில் (எண்ணுக்கு 4 பைட்) 8 பைட், ஒரு படிக்கு சுமார் 134 எம்பி. உங்கள் கார்டின் நினைவகம் விநாடிக்கு 360 ஜிபி கடத்தும். ஆக 20,000 படிக்கு 7.5 விநாடிக்குக் கீழே எந்தக் கொம்பனாலும் இறக்க முடியாது, ஒவ்வொரு படியையும் தனியாக எழுதிப் படிக்கும்வரை. ரிவ்யூவில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், ஏன் அரை விநாடி சாத்தியமே இல்லை என்பதையும் சேர்த்து. கேட்கிறவர்களுக்குப் பிடிக்கும்.


தறி | ஜூலை 9

பழைய இழையை எழுப்புகிறேன், இன்னும் பலர் இங்கே வருகிறார்கள். கூடா 12.5-ன் முதல் அப்டேட்டோடு 24.04-க்கென்றே தனிக் களஞ்சியம் வந்துவிட்டது. இனிமேல் 22.04-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டாம், லிப்டின்ஃபோ5 தேடி அலையவும் வேண்டாம். ரன்ஃபைலில் போட்டவர்கள் கூடா-12.4/பின் அடைவில் இருக்கும் கூடா-அன்இன்ஸ்டாலரை ஓட்டி அதை எடுத்துவிட்டு வாருங்கள், பாத்தில் சேர்த்த வரியையும் மாற்றுங்கள். உபுண்டு டிரைவரையே வைத்துக்கொள்கிறவர்கள் இப்போதும் கூடா என்ற மொத்த பேக்கேஜைப் போட வேண்டாம், அது டிரைவரையும் இழுக்கும். கூடா-டூல்கிட்-12-5 என்று கேளுங்கள்.


பொன்னி | ஜூலை 9

நன்றி தறி. ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது, அந்த 360 ஜிபி கணக்கைத்தான் பத்து நிமிடம் கேட்டார்கள். வைவா அடுத்த மாதம், அதுவரை இந்த 12.4-ஐத் தொட மாட்டேன். முடிந்த அன்றைக்கே மாற்றிவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன்.